தண்ணி விடாத ட்ஸாட்ஸிகி: தயிர், வெள்ளரி, ஒரு பல் மலைப்பூண்டு... கிரேக்க டிப் வீட்டிலேயே ரெடி!

கஃபேயில் பிடா ரொட்டியோடு சின்னக் கிண்ணத்தில் வெள்ளையாக, கெட்டியாக ஒரு டிப் வைப்பார்கள். மேலே ரெண்டு சொட்டு ஆலிவ் ஆயில், உள்ளே துருவிய வெள்ளரி, வாயில் வைத்ததும் சுருக்குன்னு பூண்டு வாசம். அதுதான் ட்ஸாட்ஸிகி. கிரேக்க நாட்டு ஸ்பெஷல். ‘அட, இது நம்ம வெள்ளரிக்காய் தயிர்ப் பச்சடிதானே?’ என்று தோன்றினால், நீங்கள் பாதி சரி.

மீதிப் பாதிதான் விஷயம். பச்சடி செய்கிற அதே கையோடு ட்ஸாட்ஸிகி செய்தால், பத்தே நிமிடத்தில் கிண்ணம் முழுக்கத் தண்ணி நிற்கும். மேலே வெள்ளரி மிதக்கும், பூண்டு மட்டும் தனியாகக் காரம் அடிக்கும். வீட்டில் முதல் முறை செய்கிறவர்களில் பலருக்கு இதுதான் நடக்கிறது. தயிரை வடிகட்டுவது, வெள்ளரியைப் பிழிவது, பூண்டை அடக்குவது... இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் போதும். மற்றதெல்லாம் கலக்கி எடுக்கிற வேலைதான்.

இந்த மூன்றில் பூண்டுக்கு மட்டும் நாம் கிரேக்கத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. அதைவிட நல்ல சரக்கு, கொடைக்கானல் மேல்மலையில் பூண்டி கிராமத்தில் விளைகிறது. அதையும் பார்ப்போம்.

பெயரே வாயில் நுழையலையே பாஸ்!

ட்ஸாட்ஸிகி என்ற பெயர் துருக்கியின் ‘ஜாஜிக்’ என்ற சொல்லிலிருந்து கிரேக்கத்துக்குப் போனது. துருக்கி ஜாஜிக் கொஞ்சம் நீர்க்க இருக்கும், ஸ்பூனால் அள்ளிக் குடிக்கலாம். கிரேக்கர்கள் அதையே கெட்டியாக்கி, ரொட்டியில் தொட்டுச் சாப்பிடும் பதத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

தயிரும் வெள்ளரியும் சேர்ந்த குடும்பம் ரொம்பப் பெரியது. பல்கேரியாவில் ‘டாராடோர்’ என்று வால்நட் போட்டுக் குளிர்ந்த சூப்பாகக் குடிக்கிறார்கள். ஈரானில் ‘மாஸ்த் ஓ கியார்’. அதில் புதினாவோடு உலர்திராட்சையும் காய்ந்த ரோஜா இதழும்கூட விழும். சைப்ரஸில் புதினா சேர்த்த ‘தலத்தூரி’. வடஇந்தியாவில் சீரகத்தூள் தூவிய ரைத்தா. கேரளாவில் கடுகு அரைத்துச் சேர்த்த கிச்சடி. நம்ம ஊரில் கடுகு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்த பச்சடி. வெயில் அடிக்கிற ஊர்களெல்லாம் தனித்தனியாக யோசித்து ஒரே பதிலைக் கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது.

பச்சடிக்கும் ட்ஸாட்ஸிகிக்கும் வித்தியாசம் மூன்று. ஒன்று, இதில் தாளிப்பு கிடையாது. ரெண்டு, தயிரின் தண்ணீரும் வெள்ளரியின் தண்ணீரும் வெளியே போயிருக்க வேண்டும். மூணு, பூண்டு பச்சையாகவே விழும்.

எந்தப் பூண்டி? எந்தப் பூண்டு?

பூண்டி என்றதும் திருவள்ளூர் பக்கம் இருக்கிற ஏரி, தஞ்சாவூர் பக்கம் இருக்கிற மாதா கோயில், கோவை வெள்ளியங்கிரி அடிவாரம் என்று ஆளுக்கொரு பூண்டி நினைவுக்கு வரும். நாம் சொல்வது திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரின் உச்சியில் இருக்கிற பூண்டி. கொடைக்கானல் ஊரிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டி சுமார் 40 கிலோமீட்டர் போக வேண்டும். அடுத்தது கிளாவரை. படிப்படியாக வெட்டிய வயல்களில் கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், அப்புறம் பூண்டு. மேல்மலைக் கிராமங்களின் முக்கியமான பணப்பயிர்களில் ஒன்று இந்தப் பூண்டு.

இங்கே விளைகிற கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்குக் கிடைத்த அதே வருடம். வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். ஒரு முழுப்பூண்டு சராசரியாக 20 முதல் 30 கிராம் எடை. காரமும் வாசமும் தூக்கல். மலைக் குளிரிலும் மண்ணிலும் வளர்வதால் வருகிற குணம் அது. இதை நசுக்கும்போது பக்கத்து அறையில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும்.

மேல்மலைப் பூண்டில் பெரும்பங்கு மலையிறங்கி, தேனி மாவட்டம் பெரியகுளம் பக்கத்தில் இருக்கிற வடுகபட்டி சந்தைக்குப் போகிறது. அங்கிருந்துதான் மற்ற ஊர்களுக்குப் பிரிகிறது.

பெயரில் என்ன இருக்கு? நிறைய இருக்கு!

கிரேக்கர்கள் தங்கள் சாப்பாட்டுப் பெயர்களுக்காகக் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறார்கள். 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம், ‘ஃபெட்டா’ என்ற பெயரை கிரேக்க நாட்டுச் சீஸுக்கு மட்டுமே உரியதாக்கியது. ஜெர்மனியும் டென்மார்க்கும் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2005-ல் ஐரோப்பிய நீதிமன்றம் கிரேக்கத்தின் பக்கம் நின்றது.

தயிருக்கும் இதே கதை உண்டு. அமெரிக்காவில் தயாரான தயிரைச் சோபானி நிறுவனம் பிரிட்டனில் ‘கிரீக் யோகர்ட்’ என்று விற்றது. கிரேக்க நிறுவனமான ஃபாயே வழக்குப் போட்டது. லண்டன் உயர் நீதிமன்றம் 2013-ல் ஃபாயேவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. 2014-ல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. மற்ற நாட்டுத் தயிர் என்றால் ‘கிரீக் ஸ்டைல்’ என்று போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நம்ம மலைப்பூண்டுக்கும் பெயர்ப் பாதுகாப்பு காகிதத்தில் வந்துவிட்டது. ஆனால் புவிசார் குறியீடு என்பது தானாகவே விவசாயி பாக்கெட்டில் பணம் போடுகிற மெஷின் இல்லை. அந்தப் பெயரைச் சட்டப்படி பயன்படுத்த, விளைவிப்பவர் தன்னைப் பயனாளராகத் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதைவிட முக்கியம், வாங்குகிறவர் அந்தப் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால், சமவெளியில் எங்கோ விளைந்த பெரிய பல் பூண்டையும் ‘மலைப்பூண்டு சார்’ என்று தள்ளிவிட ஆள் இருக்கிறார்கள்.

பூண்டு விலை எப்படி ஆடும் என்று 2024 தொடக்கத்தில் எல்லோரும் பார்த்தோம். சில்லறை விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. விலை ஏறுகிறபோது விதைப்பூண்டு விலையும் சேர்ந்தே ஏறுகிறது. அந்த விலைக்கு விதை வாங்கி நட்டவர் அறுவடைக்கு வரும்போது சந்தை சரிந்திருந்தால், நஷ்டம் முழுக்க அவர் தலையில். விலை சரிந்த வருடத்திலும் ‘மலைப்பூண்டுதான் வேணும்’ என்று கேட்கிற வாடிக்கையாளர் இருந்தால்தான் அந்தப் பெயருக்கு மதிப்பு. நீங்கள் செய்யப்போகிற டிப்புக்குத் தேவை ஒரே ஒரு பல்தான். அதை நல்லதாகவே வாங்குங்களேன்.

வாங்கும்போது கவனிக்க:

- அழுத்தினால் கல் மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். பஞ்சு மாதிரி அமுங்கினால் வேண்டாம்.
- ஒரு பல்லை நகத்தால் கீறி முகருங்கள். மலைப்பூண்டு என்றால் வாசம் உடனே ஏற வேண்டும்.
- எல்லாப் பூண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே சைஸில், பளீர் வெள்ளையில், மிகப் பெரிய பற்களோடு இருந்தால் யோசியுங்கள். மலைப்பூண்டு சின்னதும் பெரியதுமாகக் கலந்துதான் இருக்கும்.
- பச்சை முளை எட்டிப் பார்த்திருந்தால் சமையலுக்கு ஓகே. பச்சையாகச் சேர்க்கிற டிப்புக்கு அந்த முளையை நீக்கிவிட்டுப் போடுங்கள். முளை கசக்கும்.
- கொடைக்கானல் டூர் போனால், பூம்பாறை, மன்னவனூர் சாலையோரங்களில் விளைந்த இடத்திலேயே கிடைக்கும். வாங்கியதை பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காமல், காற்றோட்டமான இடத்தில் தொங்க விடுங்கள்.

தேவையானவை (4 பேருக்கு)

- கெட்டித் தயிர்: அரை கிலோ
- வெள்ளரிக்காய்: நடுத்தர அளவில் 1 (200 முதல் 250 கிராம்)
- மலைப்பூண்டு: 1 பெரிய பல் (சாதாரணப் பூண்டு என்றால் 2)
- எலுமிச்சைச் சாறு: 2 டீஸ்பூன்
- எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் ஆயில்: 1 டேபிள்ஸ்பூன்
- சதகுப்பைக் கீரை அல்லது புதினா: பொடியாக நறுக்கியது 1 டேபிள்ஸ்பூன்
- உப்பு: வெள்ளரிக்கு அரை டீஸ்பூன், கடைசியில் தேவைக்கு
- மிளகுத்தூள்: ஒரு சிட்டிகை (விருப்பப்பட்டால்)

ஸ்டெப் 1: தயிரைத் தொங்க விடுங்க

கிரீக் யோகர்ட் என்பது ஏதோ தனி ரகத் தயிர் இல்லை. நீர் வடித்த தயிர், அவ்வளவுதான். ஸ்ரீகண்ட் செய்ய குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் காலங்காலமாகத் துணியில் கட்டித் தொங்க விடுகிறார்களே, அதே டெக்னிக்.

ஒரு வடிகட்டியில் சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியை இரண்டாக மடித்து விரியுங்கள். பழைய வேட்டித் துணி சூப்பராக வேலை செய்யும். சோப்பு வாசம் இல்லாமல் அலசியிருக்க வேண்டும், அது முக்கியம். தயிரை ஊற்றி, மூட்டையாகக் கட்டி, வடிகட்டியை ஒரு பாத்திரத்தின் மேல் வைத்து ஃபிரிட்ஜுக்குள் தள்ளுங்கள். 4 முதல் 6 மணி நேரம் போதும். ராத்திரி வைத்துவிட்டுத் தூங்கினாலும் சரி. சமையலறைக் குழாயில் தொங்க விடுவது நம்ம ஊர் வெயிலுக்குச் சரிப்படாது. நீர் வடிவதற்குள் தயிர் புளித்துவிடும்.

அரை கிலோ தயிர் போட்டால் கிட்டத்தட்ட கால் கிலோ கெட்டித் தயிர் மிஞ்சும். ஸ்பூனைக் குத்தினால் சாயாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். சாதாரணத் தயிரில் 100 கிராமுக்கு 3-4 கிராம் புரதம் இருக்கும். பாதி நீர் வடிந்தால் அது கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஜிம் பார்ட்டிகள் கவனிக்க! ஆனால் கொழுப்பும் சேர்ந்துதான் இரட்டிப்பாகும்.

எந்தப் பால் பெஸ்ட்? கிரேக்கத்தில் பாரம்பரியமாகச் செம்மறி ஆட்டுப்பால் தயிரும் வெள்ளாட்டுப்பால் தயிரும் பயன்படுகின்றன. செம்மறிப் பாலில் சுமார் 7 சதவிகிதம் கொழுப்பு இருப்பதால் தயிர் தானாகவே கெட்டியாக உறையும். பூண்டிக்குப் போகிற வழியில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. பச்சைப் புல்வெளியில் ஆடுகள் மேய்கிற ரீல்ஸ் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த ஆடுகள் கம்பளிக்காக வளர்க்கப்படுபவை. செம்மறிப் பால் நம் கடைகளில் கிடைக்காது. நமக்கு அதற்கு நெருக்கமான சொந்தக்காரர் எருமைப்பால்தான். அது கிடைக்காவிட்டால் 6 சதவிகிதக் கொழுப்புள்ள ஃபுல் கிரீம் பால் பாக்கெட்டை வாங்கி உறை ஊற்றுங்கள்.

குளிர் ஊரில் தயிர் உறையலையா? கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு வாசிகளின் நிரந்தரப் பிரச்னை இது. தயிராக்கும் பாக்டீரியாவுக்கு 40 முதல் 45 டிகிரி சூடு பிடிக்கும். சமவெளியில் பால் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். மலையில் ஒரு மணி நேரத்தில் பாத்திரமே ஜில்லென்று ஆகிவிடும். அதனால் விரலை விட்டால் சுடச்சுட இருக்க வேண்டும், ஆனால் பத்து எண்ணும் வரை பொறுக்க முடிய வேண்டும். அந்தச் சூட்டில் உறை ஊற்றுங்கள். சமவெளியில் ஒரு ஸ்பூன் உறைமோர் விடுகிற இடத்தில் ரெண்டு ஸ்பூன். பாத்திரத்தை ஹாட் பாக்ஸுக்குள் வைத்துக் கம்பளியால் சுற்றி, 8 முதல் 12 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள்.

கடையில் வாங்கினால்? டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். ‘பால், தயிர் கல்ச்சர்’ என்று மட்டும் இருந்தால் ஓகே. ஸ்டார்ச், ஜெலட்டின், பெக்டின் என்று நீண்டால், கெட்டித்தன்மை வடிகட்டியதால் மட்டும் வந்தது இல்லை என்று அர்த்தம். வெனிலா, ஸ்ட்ராபெர்ரி ஃப்ளேவர்களில் சர்க்கரை இருக்கும். ட்ஸாட்ஸிகிக்கு அது ஆகவே ஆகாது.

ஸ்டெப் 2: வெள்ளரியைப் பிழியுங்க

வெள்ளரிக்காயில் சுமார் 95 சதவிகிதம் தண்ணீர். தயிரை ராத்திரி முழுக்க வடித்துவிட்டு இதைப் பிழியாமல் போட்டால், வடித்த தண்ணீரைத் திரும்ப ஊற்றியதற்குச் சமம்.

1. முதலில் காம்புப் பக்கம் ஒரு இன்ச் வெட்டி எறியுங்கள். கசப்பு அதிகம் சேருவது அங்கேயும் தோலிலும்தான். நறுக்கிய முனையைத் தேய்த்து நுரை எடுப்பது நம் வீட்டு வழக்கம். தேய்த்தாலும் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிடுங்கள். ரொம்பக் கசந்தால் அந்தக் காயே வேண்டாம், அடுத்ததை எடுங்கள்.

2. நாட்டு வெள்ளரி என்றால் தோலைச் சீவி, நீளவாக்கில் ரெண்டாக வெட்டி, விதைப்பகுதியை ஸ்பூனால் வழித்து எடுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் சுற்றி விற்கிற நீளமான இங்கிலீஷ் வெள்ளரி என்றால் தோலோடு போடலாம். விதையும் மென்மைதான்.

3. கேரட் துருவியின் பெரிய துளையில் துருவுங்கள். மிக்ஸி வேண்டாம், கூழாகிவிடும்.

4. அரை டீஸ்பூன் உப்புப் போட்டுப் பிசறி, 20 முதல் 30 நிமிடம் வையுங்கள். உப்பு வெள்ளரியின் உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே இழுக்கும். ஊறுகாய்க்கு மாங்காயில் உப்புப் போட்டால் மறுநாள் தண்ணி விட்டிருக்குமே, அதே லாஜிக்.

5. இப்போது கை நிறைய அள்ளி நன்றாகப் பிழியுங்கள். ‘இவ்வளவுதான் வரும்’ என்று தோன்றிய பிறகு இன்னொரு முறை பிழியுங்கள். துணியில் முடிந்து முறுக்கினால் இன்னும் நல்லது. மிஞ்சுவது ஒரு பிடிதான் இருக்கும். பயப்பட வேண்டாம், அளவு சரிதான்.

பிழிந்த தண்ணீரில் உப்பு இருக்கும். அதை மோரில் கலந்து இஞ்சி தட்டிப்போட்டால், அன்றைய நீர்மோர் செம.

ஸ்டெப் 3: பூண்டை அடக்குங்க

ட்ஸாட்ஸிகியைக் கெடுப்பதும் காப்பாற்றுவதும் இந்த ஸ்டெப்தான். கொஞ்சம் கெமிஸ்ட்ரி தெரிந்தால் சுலபம்.

முழுப் பல்லாக இருக்கும்போது பூண்டு அவ்வளவாக வாசம் அடிக்காது. உள்ளே அல்லீன் என்ற பொருளும், அல்லீனேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுக்கும்போது சுவர் உடைந்து ரெண்டும் சந்திக்கின்றன. அப்போது பிறப்பதுதான் அல்லிசின். அந்தச் சுருக்குக்கும் வாசத்துக்கும் காரணம் அதுதான். எவ்வளவு நைஸாக நசுக்குகிறீர்களோ அவ்வளவு காரம்.

இங்கேதான் எலுமிச்சை உதவிக்கு வருகிறது. அந்த நொதிக்குப் புளிப்பு ஆகாது. அதனால்:

- மிதமான பூண்டு வாசம் வேண்டுமா? எலுமிச்சைச் சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, பூண்டை நேராக அதற்குள்ளேயே துருவுங்கள். 10 நிமிடம் ஊற விட்டுச் சேருங்கள். காரம் அடங்கி, வாசம் மட்டும் நிற்கும்.
- சுருக்குன்னு வேண்டுமா? சிட்டிகை உப்போடு இடிகல்லில் விழுதாக இடித்து, 5 நிமிடம் சும்மா விட்டு, பிறகு எலுமிச்சை சேருங்கள்.
- பூண்டே ஆகாதவர்கள் வீட்டில் இருக்கிறார்களா? தோலோடு ரெண்டு நிமிடம் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து மசித்துச் சேருங்கள். சூட்டில் நொதி செயலிழந்துவிடும்.

மலைப்பூண்டில் முதல் முறை ஒரு பல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘பத்தலையே’ என்று தோன்றினாலும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் இருக்கிற ஒரு மணி நேரத்தில் பூண்டு தயிர் முழுக்கப் பரவி, தன் வேலையைக் காட்டும்.

ஸ்டெப் 4: கலக்குங்க... மெதுவா!

வடித்த தயிரை அகலமான கிண்ணத்தில் போட்டு ஸ்பூனால் கட்டியில்லாமல் தளர்த்துங்கள். விஸ்க், பிளெண்டர் எதுவும் வேண்டாம். வேகமாக அடித்தால் தயிர் நீர்த்துவிடும். பூண்டு, எலுமிச்சைக் கலவையைச் சேர்த்துக் கலக்கி, ஆலிவ் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கடைசியில் பிழிந்த வெள்ளரி, நறுக்கிய இலை.

உப்பு இப்போதுதான் சரிபார்க்க வேண்டும். வெள்ளரியில் ஏற்கெனவே உப்பு ஒட்டியிருக்கிறது. ருசி பார்க்காமல் போட்டால் கரித்துவிடும்.

மூடி, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பரிமாறும்போது மேலே ஸ்பூனால் ஒரு சுழி போட்டு, அந்தப் பள்ளத்தில் கொஞ்சம் ஆலிவ் ஆயில். இன்ஸ்டா போட்டோவுக்கும் இதுதான் சரியான நேரம்.

அது இல்லை... இது இருக்கு!

சதகுப்பைக் கீரை: கிரேக்கத்தில் பல வீடுகளில் சேர்ப்பது இதுதான். நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பது இதன் விதை. இலை, பெரிய காய்கறிக் கடைகளில் சோயிக்கீரை என்ற பெயரிலும் கிடைக்கும். பெங்களூருவாசிகளுக்கு இது சப்சிகே சொப்பு. கிடைக்காவிட்டால் புதினா. கொத்தமல்லி போட்டால் அது ரைத்தா வாசத்துக்குப் போய்விடும்.

ஆலிவ் ஆயில்: நல்லெண்ணெய் இதற்குச் சரிவராது, எள் வாசம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஆலிவ் ஆயில் இல்லையென்றால் எண்ணெயே இல்லாமல் விடுங்கள். கொழுப்புள்ள தயிர் என்றால் குறையே தெரியாது.

எலுமிச்சை: வெள்ளை வினிகர் 1 டீஸ்பூன் போதும். தயிர் ஏற்கெனவே புளிப்பு என்றால் அதையும் பாதியாகக் குறைக்கலாம்.

பால் சாப்பிடாதவர்கள்: வேர்க்கடலைத் தயிர், முந்திரித் தயிர் ரெண்டிலும் செய்யலாம். இவை பால் தயிர் மாதிரி வடியாது. அதனால் உறை ஊற்றும்போதே தண்ணீரைக் குறைத்து, கெட்டியாக அரைத்துக்கொள்ளுங்கள்.

வடிந்த தண்ணீரைக் கொட்டாதீங்க

தயிரிலிருந்து வடிந்த மஞ்சள் கலந்த நீரில் கால்சியமும் கொஞ்சம் புரதமும் இருக்கின்றன. சப்பாத்தி மாவு பிசையும்போது தண்ணீருக்குப் பதில் விடுங்கள், சப்பாத்தி மிருதுவாக வரும். கேழ்வரகுக் கூழில் கரைக்கலாம். மோர்க்குழம்பில் சேர்க்கலாம். ஃபிரிட்ஜில் ரெண்டு நாள் தாங்கும்.

எதுக்குத் தொட்டுக்கலாம்?

பிடா ரொட்டிதான் வேண்டும் என்று இல்லை. சூடான சப்பாத்தி, தோசைக்கல்லில் முறுகலாகச் சுட்ட பரோட்டா, அடை எல்லாம் ஓகே. சிக்கன் 65, மட்டன் சுக்கா மாதிரி காரமான அயிட்டங்களுக்கு இதைவிட நல்ல ஜோடி கிடையாது. பூண்டி, மன்னவனூர் பக்கத்து மலைக் கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கி அப்படியே தொட்டுக் கடித்தால், சாயங்கால ஸ்நாக்ஸ் முடிந்தது. மலை உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, லேசாக நசுக்கி, கல்லில் மொறுமொறுவென வாட்டி, மேலே ஒரு ஸ்பூன் ட்ஸாட்ஸிகி வைத்துப் பாருங்கள்.

கொடைக்கானலில் ‘குட்டி இஸ்ரேல்’ என்று பயணிகள் அழைக்கிற வட்டக்கானல் பக்கம் போயிருந்தால், அங்குள்ள கஃபேக்களில் ஃபலாஃபெல், ஹம்மூஸ் பார்த்திருப்பீர்கள். ஃபலாஃபெல்லுக்கும் ட்ஸாட்ஸிகி அருமையாகச் சேரும். கொண்டைக்கடலையில் செய்த வடை மாதிரிதானே அது? அப்படியானால் நம்ம மசால் வடைக்கும் சேருமா? தாராளமாக!

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

எத்தனை நாள் வைக்கலாம்? மூடிய டப்பாவில், ஃபிரிட்ஜில் 3 நாள். முதல் நாளைவிட ரெண்டாம் நாள் ருசி அதிகம். வெளியே ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். வெயில் காலத்தில் ஒரு மணி நேரமே அதிகம். ஃபிரீஸரில் வைத்தால் தயிர் திரிந்து, தண்ணீர் தனியாகப் பிரிந்துவிடும்.

மறுநாள் மேலே தண்ணி நிற்குதே? கொஞ்சம் நிற்பது இயல்புதான். சாய்த்து ஊற்றிவிட்டு மெதுவாகக் கலக்குங்கள். கிண்ணம் நிறைய நின்றால், வெள்ளரியைப் பிழிந்தது பத்தவில்லை.

எலுமிச்சையில் போட்ட பூண்டு பச்சையாக, நீலமாக மாறுதே, கெட்டுப்போச்சா? இல்லை. புளிப்போடு பூண்டின் கந்தகப் பொருட்கள் சேரும்போது சில சமயம் இப்படி நிறம் மாறும். சாப்பிடலாம், பயமில்லை.

காரம் ஓவராகிவிட்டது, என்ன செய்ய? இன்னும் கொஞ்சம் வடித்த தயிர் சேருங்கள். வேறு குறுக்கு வழி கிடையாது. சர்க்கரை போட்டுச் சரிபண்ண முயன்றால் ருசி இரண்டுங்கெட்டானாகிவிடும்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பிடலாமா? தயிராக உறையும்போது லாக்டோஸ் கொஞ்சம் குறையும். நீரை வடிக்கும்போது இன்னும் கொஞ்சம் வெளியேறும். அதனால் பாலைவிட இது பலருக்கு ஒத்துக்கொள்கிறது. ஒரு ஸ்பூனில் ஆரம்பித்துப் பாருங்கள். பால் அலர்ஜி இருப்பவர்கள் தொட வேண்டாம். அது வேறு பிரச்னை.

பச்சைப் பூண்டு எல்லோருக்கும் நல்லதா? நெஞ்செரிச்சல், அல்சர் இருப்பவர்கள் வேகவைத்த பூண்டு சேர்ப்பது நல்லது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பச்சைப் பூண்டை அளவுக்கு மீறி எடுப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு டைம் டேபிள்

சனிக்கிழமை காலையில் உறை ஊற்றுங்கள். ராத்திரி தயிரைத் துணியில் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு வெள்ளரியில் உப்புப் போடுங்கள். அது ஊறுகிற அரை மணி நேரத்தில் பூண்டை எலுமிச்சையில் துருவி வையுங்கள். பன்னிரண்டுக்குக் கலந்து ஃபிரிட்ஜில் வைத்தால், ஒரு மணிச் சாப்பாட்டுக்கு டிப் ரெடி. நீங்கள் நின்று வேலை பார்ப்பது மொத்தம் இருபது நிமிடம்தான்.

பூண்டு மட்டும் இந்த வாரமே வாங்கி வையுங்கள். கடைக்காரரிடம் ‘கொடைக்கானல் மலைப்பூண்டு இருக்கா?’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்றால், ‘அடுத்த வாரம் வரவழைங்கண்ணே’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். நாலு பேர் கேட்டால் அவர் நிச்சயம் வரவழைப்பார்.